செஞ்சியும் லிஸ்பனும்: நாடுகளின் வளர்ச்சி வேறுபாடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

கி. பி. 1597-ஆம் ஆண்டில் ஏசு சபைத் துறவியாராகிய நிக்கோலாஸ் பிமெந்தா செஞ்சி நகருக்கு வந்தார். அக்காலத்தே செஞ்சியிலிருந்து ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். அரசரைக் கண்டு அளவளாவிக் கோட்டையையும் நகரையும் பார்வையிட்ட அத்துறவியார், இந்திய நாட்டில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சியே மிகப் பெரியது என்றும், லிஸ்பன் ஒன்று நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டு நகர் எதுவும் அதற்கு ஈடாகாது என்றும் எழுதி வைத்தார். புகழ்ந்துரைக்க வேண்டிய கடப்பாடு அவருக்கு இல்லை. ஆதலின் செஞ்சி வரலாறு எழுதியோர் பலரும் இக்கூற்றை நகரின் பெருமைக்குச் சான்றாக எடுத்தாண்டுள்ளனர்.

இன்று செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 27,000. லிஸ்பன் நகர எல்லைக்குள் மட்டும் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். உலக வங்கியின் பாகுபாட்டில் போர்ச்சுகல் உயர்வருவாய் நாடு; இந்தியா கீழ்நடுத்தர வருவாய் நாடு. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட இரண்டு நகரங்கள் இன்று ஒப்பிடவும் ஒவ்வாதனவாய் நிற்பது எதனால்? வளர்ந்த நாடு என்றும் வளரும் நாடு என்றும் உலகை இரு கூறாக்கிப் பேசும் வழக்கம் இவ்வினாவுக்கு விடை தருமா? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

செஞ்சியின் அரசியல் வரலாற்றைப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்நூல் 1943-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அரசர் வரிசையும் முற்றுகைகளும் அதனுள் தெளிவுறக் காணப்படுகின்றன. ஈண்டு யாம் நோக்குவது அம்முற்றுகைகளுக்கு அடியிற் கிடந்த மக்கள் வாழ்வு: அவர்தம் தொழில், உடல்நலம், கல்வி என்னும் மூன்றுமாம்.

2. பாகுபாடு பிறந்த வரலாறு

'வளர்ச்சி குன்றிய நாடுகள்' என்னும் தொடர் உலக அரசியலில் பரவியது அண்மைக் காலத்தில்தான். 1949-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் பதவியேற்புரையில் அதனை ஆண்டார். 1952-இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரெட் சோவி 'மூன்றாம் உலகம்' என்னும் தொடரைப் படைத்தார். பின்னர், குன்றிய என்னும் சொல் இழிவு பயப்பதாகக் கருதப்பட்டமையின் 'வளரும் நாடுகள்' என்னும் வழக்கு எழுந்தது. நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்துக் கண்ட தலைவருமானமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. 1990-இல் மகபூப் உல் ஹக், அமர்த்தியா சென் ஆகியோரின் சிந்தனைவழி ஐக்கிய நாடுகள் அமைப்பு வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீடு, வாழ்நாள், கல்வி, வருமானம் என்னும் மூன்றனையும் ஒருங்கே கொண்டது. 2016-ஆம் ஆண்டில் உலக வங்கி தன் ஆண்டுப் புள்ளிவிவர வெளியீட்டில் வளர்ந்தவை, வளர்பவை என்னும் இருபாற் பகுப்பையே கைவிட்டது. நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஒற்றைக் கோட்டால் பிரிக்கத்தக்கதன்று என்பதே அதற்குக் காரணம்.

ஒரு சொல்லுக்கு எழுபது எண்பது ஆண்டுகளே அகவை எனின், அச்சொல் குறிக்கும் நிலையும் என்றும் உள்ளதன்று என்பது பெறப்படும். அந்நிலை எப்போது, எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காண்பதற்குச் செஞ்சி போன்ற ஓர் ஊரின் வரலாறு பெரிதும் பயன்படும்.

3. நாயக்கர் காலத்துச் செல்வமும் அதன் எல்லையும்

செஞ்சி நாயக்கர் ஆட்சி வடக்கே பாலாறு முதல் தெற்கே கொள்ளிடம் வரை பரவியிருந்தது. உள்நாட்டில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்தது. கடற்கரையில் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகள் இருந்தன. வெள்ளாற்று முகத்தில் கிருஷ்ணப்ப நாயக்கர் தம் பெயரால் கிருஷ்ணபட்டினம் என்னும் புதிய ஊரை உண்டாக்கினார். 1608-இல் டச்சுக்காரர் அவரிடம் இசைவு பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் வாணிகம் தொடங்கினர். தூரதேயத்தார் இக்கரை நாடி வந்ததற்குக் காரணம் துணியே. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவதற்குச் சோழமண்டலக் கரையின் துணி பொன் போலப் பயன்பட்டது. எனவே, செய்பொருள் விற்று வெள்ளியும் பொன்னும் பெற்ற நாடாக அன்று செஞ்சிச் சீமை விளங்கிற்று. ஐரோப்பியர் வாங்குவோராகவும் தமிழர் செய்வோராகவும் இருந்தனர் என்க.

இவ்வளத்தை மிகைப்படுத்திக் காண்பதும் தவறு. பிமெந்தா கண்டது அரசர் வாழ்ந்த நகரம். அவரை வரவேற்றது அரசவை. ஒரு நகரின் பரப்பும் மாளிகைகளும் ஆங்கு வாழ்ந்த உழவனது உணவுக்கும் நெய்வானது கூரைக்கும் சான்றாகா. இன்றும் கோட்டையினுள் நிற்கும் கல்யாண மகாலின் மேல்நிலைகளுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே தண்ணீர் ஏற்றப்பட்டது. நீரைக் குழாயிற் செலுத்தும் நுட்பம் இந்நாட்டாருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது சான்று. அந்நுட்பம் மதிலுக்கு உட்பட்டே நின்றது என்பதற்கும் அதுவே சான்று. நிலத்தில் உழைத்தோருள் ஒரு பெரும்பகுதியினர் நிலத்தோடு பிணிக்கப்பட்ட அடிமை நிலையில் வாழ்ந்தனர். 1843-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று விதித்தது. செல்வ நாடாக இருத்தல் வேறு, மக்கள் செழித்த நாடாக இருத்தல் வேறு என்னும் வேறுபாட்டை மனங்கொண்டே மேலே செல்லுதல் வேண்டும்.

4. மதிலுக்குச் சென்ற பொருள்

பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கிச் செஞ்சி போர்க்களமாயிற்று. 1646, 1647-ஆம் ஆண்டுகளில் சோழமண்டலக் கரை முழுதும் கொடும்பஞ்சம் பரவியது. அப்பஞ்சத்தில் மாண்டோருள் நெசவாளர் பலர். பஞ்சம் தணியு முன்பே பீசப்பூர்ப் படை செஞ்சியைச் சூழ்ந்து 1649-ஆம் ஆண்டளவில் கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி அதனைக் கொண்டார். 1689-இல் அவர் மகன் இராசாராம் மொகலாயரிடமிருந்து தப்பிச் செஞ்சியை அடைந்தார். 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கான் தலைமையில் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது.

எட்டாண்டு முற்றுகை என்பது கோட்டைக்கு உள்ளே இருந்தோருக்கு மட்டும் துன்பமன்று. முற்றுகையிட்ட பெரும்படைக்கும் அதனைத் துரத்த வந்த மராட்டியக் குதிரைப் படைக்கும் உணவு வேண்டும்; அவ்வுணவு சுற்றுப்புறச் சிற்றூர்களின் களத்திலிருந்தே வந்தது. வரப்பு உடைந்து ஏரி தூர்ந்தால், போர் முடிந்த மறு ஆண்டே விளைச்சல் மீளாது. பாசனத்தால் வாழும் நாட்டில் போரின் அழிவு படைகள் நீங்கிய பின்னும் நெடுநாள் நிற்கும்.

இம்முற்றுகைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று ஆராயத்தக்கது. 1690-இல் பொருள் முடை மிக்கிருந்த இராசாராம், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றார். கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட்டு, குண்டு சென்று விழுந்த எல்லை வரையுள்ள ஊர்களும் அவ்விற்பனையில் அடங்கின. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என ஆங்கிலேயர் பெயரிட்டனர். நாட்டுக்கு வருவாய் தந்த கடல்வாயில், மலைக்கோட்டையின் மதிலைக் காப்பதற்காக விலைபோயிற்று. வாணிகத்தை விற்றுப் போரை வாங்கிய இச்செயல் இராசாராம் ஒருவரின் பிழை அன்று. நிலவரியைத் திரட்டிக் கோட்டையிலும் படையிலும் செலவிடுவதே அரசு என்று கொண்ட ஒரு காலத்தின் இயல்பு அது. அதே நூற்றாண்டில் ஆங்கிலக் கும்பினியின் பின்னே நின்றவர்கள் பங்கு முதலிட்ட வணிகர்கள். அவர்களுக்குச் சார்பாகச் சட்டம் இயற்றும் நாடாளுமன்றம் ஒன்று இருந்தது. இரு நாடுகளின் வழிகள் பிரிந்த இடங்களுள் இது ஒன்று.

5. காய்ச்சலும் தலைநகரும்

மொகலாயர் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் சூட்டினர். ஆயினும் ஆங்கு அவர்கள் நெடிது தங்கவில்லை. செஞ்சி உடல்நலத்திற்கு ஒவ்வாத இடம் என்று கருதப்பட்டமையால், தாவூத் கான் காலத்தில் ஆட்சியிருக்கை ஆர்க்காட்டிற்கு மாறியது. 1750-இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடித்தது. 1761 ஏப்பிரலில் ஆங்கிலேயரிடம் அதனை இழந்தது. பிரெஞ்சுக்காரர் ஆங்கு ஒருபோதும் நூறு ஐரோப்பியருக்கு மேல் வைத்திருந்ததில்லை என்றும், எனினும் அப்பத்தாண்டில் 1,200 பேரை இழந்ததாகச் சொல்லப்படுகின்றது என்றும் வரலாற்றாசிரியர் ஆர்ம் குறித்துள்ளார். அது மிகைக் கூற்றாயினும் ஆகுக. செஞ்சிக் காய்ச்சலின் கொடுமை அக்காலத்தார் நெஞ்சில் எத்துணை ஆழப் பதிந்திருந்தது என்பதை அது காட்டும்.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காய்ச்சல் கண்ட இடத்தைவிட்டு அகன்றவர் நவாபும் படைத்தலைவரும் ஆவர். அகல இயலாதவர் ஊர்மக்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அரசுகள் பெரும்பாலும் மக்களின் நோயைத் தம் கடமைக்குள் வைத்து எண்ணவில்லை. ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. இங்கிலாந்தின் கீழ்க்கரைச் சதுப்பு நிலங்களில் முறைக்காய்ச்சல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தது. போர்ச்சுகலின் நெல்வயல்களில் இருபதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரை மலேரியா நீடித்தது. 1973-இல்தான் அந்நாடு மலேரியா அற்றதென உலக நல அமைப்பால் பதிவு செய்யப்பட்டது. எனவே, வெப்ப நாடு நோய் நாடு என்றும் தட்ப நாடு நல நாடு என்றும் கூறும் கொள்கை வரலாற்றுச் சான்றுக்கு நில்லாது.

வேறுபாடு தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1848-இல் இங்கிலாந்தில் பொதுநலச் சட்டம் இயற்றப்பட்டது. 1854-இல் ஜான் ஸ்நோ இலண்டனில் வாந்திபேதிக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். அதன்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் அந்நகரில் அமைந்தன. அரண்மனைக்கு உரியதாய் இருந்த குழாய்நீர் தெருவுக்கு உரியதாயிற்று. மலேரியாவைக் கொசு பரப்பும் என்னும் உண்மையை ரொனால்ட் ராஸ் 1897-இல் கண்டறிந்தது இந்திய மண்ணில், செகந்தராபாத்தில். ஆயினும் அவ்வறிவு இந்திய உழவர் இல்லங்களை அரசின் திட்டமாக எட்டுவதற்கு 1953-ஆம் ஆண்டுத் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறிவு பிறந்த இடம் இந்நாடு. அதன் பயன் இந்நாட்டு மக்களை அடைந்ததோ அரை நூற்றாண்டுக்குப் பின். வளர்ந்த நாட்டிற்கும் வளரும் நாட்டிற்கும் உள்ள இடைவெளியை ஆண்டுகளால் அளப்பதாயின் இதுவே தக்க அளவாகும்.

6. துணியிலிருந்து மணிலாக்கொட்டைக்கு

இனிப் பொருளியல் மாற்றத்தை நோக்குவாம். இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் இயற்றிய சட்டங்களால் இந்திய அச்சடித் துணிகளைத் தன் நாட்டில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. தன் தொழில் முதிரும் வரை சட்டத்தால் அதனைக் காத்துக்கொண்டது. அதே காலத்தில் செஞ்சிச் சீமையில் தன் நெசவாளரைக் காக்கும் ஆற்றலுள்ள அரசு ஒன்று இல்லை. 1714-இல் தேசிங்குராசன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மடிந்ததும், கருநாடகப் போர்களில் கோட்டை கைமாறியதும் நாடறிந்த செய்திகள். 1801-இல் தென்னார்க்காடு முழுதும் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது.

அந்நாளைய நெசவாளர் நிலைபற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பிரசன்னன் பார்த்தசாரதி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரின் கூலியைத் தானிய அளவில் கணக்கிட்டால் அது பிரிட்டானியத் தொழிலாளர் கூலிக்குக் குறைந்ததன்று என நிறுவ முயன்றார். முன்பணம் பெற்ற நெசவாளர் அதனைத் திருப்பித் தந்துவிட்டு வேறு வணிகரிடம் செல்லும் உரிமை பெற்றிருந்தமையும், கும்பினி ஆட்சியில் அவ்வுரிமை பறிபோனமையும் அவர் வாதத்தின் உயிர்நிலை. 2006-இல் ஸ்டீபன் பிராட்பெரி, பிஷ்ணுப்பிரியா குப்தா ஆகியோர் இதனை மறுத்து, இந்தியக் கூலி அதற்கு முன்னரே பின்தங்கியிருந்தது என்றனர். இவ்விருவேறு கொள்கைகளுள் எதனைக் கொள்ளினும் ஒன்று தெளிவு: இன்று நாம் காணும் அளவிலான பெரும் பிளவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளைந்தது. ஏங்கஸ் மாடிசன் மதிப்பீட்டின்படி 1700-இல் உலக உற்பத்தியில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. 1950-இல் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. அவர் மதிப்பீடு அண்ணளவானதே. எனினும் போக்கு ஐயத்திற்கு இடமற்றது.

1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால் கும்பினியின் வாணிகம் முடிவுற்றது. இதற்குள் இங்கிலாந்தின் ஆலைத்துணி இந்திய அங்காடிகளுக்கு வரத் தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டின் புகழ் துணியால் அன்று, மணிலாக்கொட்டையால் பரவியது. இந்தியாவில் நிலக்கடலைப் பயிர் முதலில் பெருகிய மாவட்டங்களுள் இது தலையாயது. செஞ்சி, திண்டிவனம் முதலிய வறண்ட நிலங்களில் விளைந்த கடலை, வண்டிகளில் புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளை அடைந்தது. எண்ணெயும் சோப்பும் ஆகி இலாபம் பெற்ற இடம் மார்செய்; மழையை நோக்கி நின்ற இடம் செஞ்சி. மூன்று நூற்றாண்டுக்கு முன் செய்பொருள் விற்ற சீமை இப்போது மூலப்பொருள் விற்றது. வளர்ந்த நாடு, வளரும் நாடு என்பவற்றின் பொருளியல் வேறுபாடு இவ்வொரு மாற்றத்தில் அடங்கியுள்ளது எனலாம்.

அவுரியின் கதையும் அத்தகையதே. நீலச்சாயம் தரும் அவுரி தென்னார்க்காட்டில் மிகுதியாகப் பயிராயிற்று. 1897-இல் செருமானிய நிறுவனம் ஒன்று ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளில் அவுரி வயல்கள் மறைந்தன. ஈண்டு படையெடுப்பும் இல்லை, சட்டத்தடையும் இல்லை, வென்றது வேதியியல். அறிவியற் கல்வியில் முதலிட்ட நாடு, முதலிடாத நாட்டின் உழவனைக் காணாமலே தோற்கடித்தது.

தொழிலும் விளைவும் தளர்ந்தபோது மக்கள் புறம்போயினர். 1860-இல் சென்னையிலிருந்து முதற்கப்பல் நேட்டாலுக்குச் சென்றது. பின்னர் அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழருள் வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டத்தார் பெருந்தொகையினர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் முப்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தே அமைந்த இருப்புப்பாதைகள் திண்டிவனம் வழியாகவும் திருவண்ணாமலை வழியாகவும் சென்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட செஞ்சியைத் தொடவில்லை. இரண்டையும் செஞ்சி வழியாக இணைக்கும் பாதைக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. செஞ்சி இன்னும் இருப்புப்பாதை காணாத ஊராகவே உள்ளது.

7. போர்ச்சுகல் தரும் மறுப்பு

இதுகாறும் கூறியவற்றால், அயலார் ஆட்சி ஒன்றே இந்நாட்டின் பின்னடைவுக்கு முழுக் காரணம் எனக் கருதத் தோன்றும். அங்ஙனமாயின், ஆண்ட நாடுகள் யாவும் வளம் பெற்றிருத்தல் வேண்டும். பிமெந்தா ஒப்பிட்டுப் பேசிய போர்ச்சுகலே இதற்கு மறுப்பாகும். கோவா, மலாக்கா, பிரேசில் முதலிய நாடுகளைக் கைக்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் பொன்னால் நிறைந்த அந்நாடு, 1900-ஆம் ஆண்டில் தன் மக்களுள் நான்கில் மூன்று பங்கினர் எழுத்தறியாத நாடாக இருந்தது. 1960-களில் போர்ச்சுகல் சிற்றூர் மக்கள் பிழைப்புத் தேடிப் பிரான்சு நாட்டிற்குக் கூட்டம் கூட்டமாய்ப் போயினர். 1960-இல் அங்குப் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் ஏறத்தாழ 77 குழந்தைகள் ஓராண்டு நிரம்பு முன் இறந்தன. இன்று அத்தொகை மூன்றுக்கும் குறைவு. 1974-இல் வல்லாட்சி நீங்கி, பொது மருத்துவமும் பள்ளியும் பரவி, 1986-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பின்னரே அந்நாடு வளர்ந்த நாடுகளின் வரிசையில் உறுதியாக நின்றது.

பேரரசு பொன் தந்தது, எழுத்தறிவு தரவில்லை. அயலார் ஆட்சி ஒரு நாட்டை வறுமையில் ஆழ்த்தப் போதுமானது. அயலாரை ஆளுதல் ஒரு நாட்டு மக்களை வாழ்விக்கப் போதாது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கு கொள்ளாத ஆராய்ச்சி ஒரு கண் மூடிய ஆராய்ச்சியாகும்.

கல்வியைப் பொறுத்தவரை நம் நிலை யாது? 1822-இல் சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுதும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என அது அமையும். அந்நிலை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இருந்ததைவிட மேலானது என்றும் அவர் கருதினார். எனினும் அப்பள்ளிகளில் பெண்மக்கள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோர் பெரும்பாலும் இல்லை. திண்ணைப் பள்ளி இருந்தது உண்மை. திண்ணை ஏற எல்லாரும் விடப்படவில்லை என்பதும் உண்மை. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு, சப்பான் முதலிய நாடுகள் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயக் கல்வி என்னும் கொள்கையைச் சட்டமாக்கின. நம் நாட்டில் மன்றோவின் கணக்கு கணக்காகவே நின்றது.

8. அண்மைக் கால மாற்றம்

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவை வேறொரு பாடம் கற்பிக்கின்றன. 1950-களில் தொடங்கிச் சிற்றூர்தோறும் தொடக்கப்பள்ளிகள் பெருகின. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது, 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். ஆரம்பச் சுகாதார நிலையங்கள் ஊரகமெங்கும் அமைந்தன. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 113 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 2020-இல் அத்தொகை 13 ஆகக் குறைந்தது. அவ்வாண்டில் இந்திய நாட்டுச் சராசரி 28. வருமானத்தில் வளர்ந்த நாடுகளுக்கு நெடுந்தொலைவு பின்னிற்கும் ஒரு மாநிலம், குழந்தை நலத்தில் அவற்றை நெருங்கியுள்ளது. செல்வம் வந்த பின்னரே நலம் வரும் என்னும் கொள்கை இதனால் தளர்கின்றது. பள்ளி, மருத்துவமனை, உணவு ஆகியவற்றை எல்லார்க்கும் உரியவாக்கிய அரசே காரணம் என்பது பெறப்படும். செஞ்சிக் குழாய் மதிலைத் தாண்டிய காலம் இது எனலாம்.

ஆயினும் மாநிலச் சராசரி என்பது ஒரு திரை. தமிழ்நாட்டு அரசு 2003-இல் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில் விழுப்புரம் மாவட்டம் கடைசி வரிசையில் நின்றது. 2011-ஆம் ஆண்டில் எழுத்தறிவு பெற்றோர் மாநிலத்தில் 80.09 விழுக்காடு, விழுப்புரத்தில் 71.88 விழுக்காடு. நாடுகளுக்கிடையே உள்ளதாகப் பேசப்படும் பிளவு ஒரு மாநிலத்திற்குள்ளும் ஓடுகின்றது. அப்பிளவின் கீழ்க்கரையில் நிற்பது ஒருகாலத்தில் லிஸ்பனுடன் ஒப்பிடப்பட்ட சீமை.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. வளர்ச்சியும் பின்னடைவும் மண்ணின் இயல்போ மக்களின் இயல்போ அல்ல, வரலாற்றில் விளைந்தவை. இரண்டாவதாக, செய்பொருள் விற்கும் நிலையிலிருந்து மூலப்பொருள் விற்கும் நிலைக்கு ஒரு நாடு தள்ளப்படுவதே பொருளியல் பின்னடைவின் முதன்மைக் கூறு. ஆட்சியுரிமை இழப்பு அதற்கு வாயில். மூன்றாவதாக, உடல்நலமும் கல்வியும் செல்வத்தின் நிழல் போலத் தாமே தொடர்ந்து வருவன அல்ல. அவற்றை எல்லார்க்கும் உரியனவாக்க வேண்டும் என்று ஒரு சமுதாயம் துணியும் போதே அவை வருகின்றன. செஞ்சி நாயக்கரும், மராட்டியரும், மொகலாயரும், பிரெஞ்சுக்காரரும், கும்பினியாரும் அத்துணிவு கொண்டிலர். பேரரசு ஆண்ட போர்ச்சுகலும் நெடுங்காலம் கொண்டிலது.

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலப் படைநிலப் பரப்புகள் எனப் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டிலுள்ள ஒன்று செஞ்சி. இது மகிழத்தக்கது. ஆயினும் சிறப்புப் பெற்றது மதிலும் கொத்தளமும் என்பதை நாம் மறத்தலாகாது. செஞ்சியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட கோயில் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் அணியாக நிற்கின்றன. அவற்றின் இருப்பிடம் நமக்குத் தெரிகின்றது. கடலேறிச் சென்ற துணியை நெய்த கைகளின் வரலாறு அவ்வாறு தெரியவில்லை. தேசிங்குராசனின் குதிரைக்கும் கதைப்பாடலில் இடமுண்டு. காய்ச்சலில் மாண்ட உழவனுக்கு இல்லை.

கடலூர்க் கும்பினிக் கணக்குகள், டச்சுக்காரரின் ஏடுகள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவுகள் ஆகியவற்றில் நெசவும் விலையும் நோயும் பஞ்சமும் பற்றிய செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஊர்தோறும் வாழ்வியல் வரலாறு எழுதுதல் தமிழாராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கோட்டையின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. கோட்டையைச் சோறூட்டிக் காத்த சீமையின் வரலாறு இனி எழுதப்படல் வேண்டும். ஒரு நாடு வளர்ந்ததா, வளர்கின்றதா என்று தீர்ப்புக் கூறுவதற்கு உரிய சான்றுகள் அவ்வரலாற்றில்தான் உள்ளன.